இருபத்தாறரை

மூன்று கோடையாகக் காற்றைக் குற்றம் சொன்னேன்.
கர்ட்சாகுக்குக் கிழக்கே மரமே இல்லாத வெளி,
பழி சுமக்கக் காற்றை விட்டால் ஆள் கிடையாது.
பிறகு இறகுகளைச் சொன்னேன். வான்கோழி கேட்டேன், வாத்து தந்தார்கள்.
பிறகு குதிரையை.
பமாச் ஒரு காதை மட்டும் ஆட்டினாள்.

அம்புகள் எல்லாம் ஒன்றுபோலவே குறைந்தன.
இலக்கின் கால்மாட்டில்
புல்லில் தலை குத்தி நின்றன,
வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளிகள்போல.

ஜோம்போரின் பட்டறையில் மீன்பசை வாடை.
"எவ்வளவு இழுப்பாய்?"
"இருபத்தொன்பது அங்குலம்."
செருப்பு அளவு சொல்வதுபோல் சட்டென்று சொன்னேன்.

அவன் மறுக்கவில்லை.
மையால் கோடு கோடாய்க் குறித்த மொட்டை அம்பு ஒன்றும்
பத்து ராத்தல்கூடத் தேறாத பிள்ளை வில் ஒன்றும் தந்தான்.
இழுத்தேன்.
கட்டைவிரல் காதோரம் வந்து நின்றது,
எப்போதும் நிற்கும் இடத்தில்தான்.

இருபத்தாறரை என்றான்.

கோல் பொய் என்றேன்.
நான் கால்நடை மருத்துவர்,
பசுக்களின் மார்புச் சுற்று பார்க்கும் நாடா பையில் இருந்தது.
எடுத்து நீட்டினேன்.
நாடாவும் அவன் கட்சியில் சேர்ந்துகொண்டது.

குறைந்தது பின்கை அல்ல.
வில் பிடிக்கும் தோள்.
உறைந்த வாய்க்காலில் பமாச் சறுக்கிய அந்த ஜனவரி,
காறை எலும்பில் ஒரு தகடு, ஏழு திருகாணி.
ஆறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.
வயிற்றில் திரும்பிக் கிடக்கும் கன்றைப் பிடித்து இழுக்க
அந்தத் தோள் போதுமாகத்தான் இருந்தது.
வில் மட்டும் என் பேச்சை நம்பவில்லை.

என் வில்லின் வயிற்றில் எழுதியிருப்பது நாற்பது ராத்தல்,
பக்கத்திலேயே, சின்னதாக, இருபத்தெட்டு அங்குலம்.
முதல் எண்ணைத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
அங்குலத்துக்கு இரண்டரை, மூன்று ராத்தல் என்று வை.
அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே ஏழு ராத்தலை
வில்லுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

நெட்டை வில்லைக் குறைவாய் இழுத்தால்
அது பாதித் தூக்கத்தில் எழுந்து வரும் என்றான்.
குட்டை வில்லை அதிகமாய் இழுத்தால்
கடைசி இரண்டு அங்குலம் சுவர்.
சுவரையும் இழுப்பவனுக்கு
ஒருநாள் முகத்துக்கு நேரே ஒடியும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று எரிச்சலோடு முனகினேன்.
சிரிக்காமல் இருக்க அவன் பாடுபட்டது தெரிந்தது.

ஆணியில் ஒன்று தொங்கியது,
என்னுடையதைவிட ஒரு சாண் குட்டை.
விற்றுப்போனது அது.
போல்டிஜார் என்ற பையனுக்கு
போன இலையுதிர்காலத்தில் அளவெடுத்தது.
கொம்பும் நரம்பும் ஒன்றையொன்று பிடிக்க ஒன்பது மாதம்.
பசை காய்ந்தது.
பையன் காயவில்லை.
முன்பணம் கட்டிய அன்று இருபத்தாறு,
வாங்க வந்த அன்று இருபத்தெட்டரை.

சனிக்கிழமை, தானியக் கிடங்குக்குப் பின்னால் மாற்றிக்கொண்டோம்.
புதியது ஆயிற்றே என்று அவன் அம்மா
இருபதாயிரம் ஃபோரிண்ட் கூடக் கேட்டாள்.
பதினாறில் நின்றோம்.
சட்டைக் கை மணிக்கட்டுக்கு எட்டாத அந்தப் பையன்
என் வில்லை முழுதாய் இழுத்தான்.
எனக்கு மூன்று கோடை காட்டாத வளைவை
அவனுக்கு முதல் இழுப்பிலேயே காட்டியது.
முன்னாள் கணவன் வேறொருத்தியோடு
நன்றாகவே சார்தாஷ் ஆடுவதைப் பார்த்ததுபோல் இருந்தது.
வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் முறை.
குட்டை வில் கையில் முரண்டவில்லை,
கொஞ்சவும் இல்லை.
இருபத்தாறரையில் போதும் என்றது.
விட்டேன்.
வைக்கோல் அதிர்ந்தது, நடுவில் அல்ல,
இடப்பக்கம் ஒரு கை தள்ளி.
ஆனால் உயரம் சரி.

அன்றிரவு சமையலறையில்
அம்புகளின் முனையைக் கழற்றி
ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் அறுத்தேன்.
பன்னிரண்டு துண்டு.
வரிசையாய் நீட்டி வைத்தால்
ஒரு குழந்தையின் அம்பு அளவுக்கு வந்தது.
கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு
அடுப்பில் போட்டேன்.
பைன் மரம். சட்டென்று பற்றியது.